திருவொற்றியூருக்கு எத்தனை எழுத்து?

"திருவொற்றியூர்" என்பதில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை விரல் விட்டு எண்ணி 7 என்று சொல்லும். கம்ப்யூட்டரைச் சும்மா எண்ணச் சொன்னால் 14 என்கிறது! யூனிகோடு முறையில் "தி" என்பதற்குத் "த" தனி, அதன் மேல் போடும் குறி தனி.

கம்ப்யூட்டருக்குத் தமிழிலேயே கட்டளை எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய மொழி "எழில்". எழுத்துப் பிரிக்கும் வேலையை அதற்குள்ளேயே பூட்டி வைக்காமல், "ஓப்பன் தமிழ்" என்ற பொதுத் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். எழிலும் அதைப் பயன்படுத்துகிறது. பிறரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

அதுதான் சரி. தேட ஒரு கணக்கு, எண்ண ஒரு கணக்கு என்று ஆளுக்கொன்று எழுதினால், ஓரிடத்தில் 7, இன்னோரிடத்தில் 14 என்று வரும். பொதுவில் பிழை புகுந்தால் எல்லோருக்கும் கேடு அல்லவா? உண்மைதான். ஆனால் திருத்த வேண்டிய இடமும் ஒன்றுதான். ராயபுரத்துக்கு 5, எண்ணூருக்கு 4 வருகிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்!