அங்கத்துவம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இல்லை

பெருநாளைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நம்மூர்த் தையல் கடைகளில் நடக்கும் கூத்து எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு நாளைக்கு மூன்று சேர்ட் தைக்கக்கூடிய ஒருவர், வருகின்ற அத்தனை பேரிடமும் துணியையும் முற்பணத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார். "தலைநாள் இரவு வாங்க" என்பார். தலைநாள் இரவு கடை வாசலில் சண்டை. அவர் பொய்யரோ மோசடிக்காரரோ அல்லர். தன்னால் கொடுக்க முடிந்ததை விட அதிகமாக வாக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

இதே கதை, பல இலட்சம் ரூபா பெறுமதியில், பச்சைப் புல்வெளியில் நடப்பதை அண்மையில் ஒரு நண்பர் சொல்லக் கேட்டேன்.

நண்பர் கோலாலம்பூரில் பல வருடங்களாக ஆடை வியாபாரம் செய்பவர். அங்கே ஒரு கோல்ஃப் கழகத்தில் அங்கத்தவராகச் சேர்ந்தார். இரண்டாவது கடைக்கு முற்பணமாக ஒதுக்கி வைத்திருந்த தொகையையே நுழைவுக் கட்டணமாகக் கட்டினாராம். "இது என்ன வீண் செலவு?" என்று கேட்டேன். "செலவு அல்ல, முதலீடு. அங்கே வியாபாரம் கடையில் பாதி, மைதானத்தில் பாதி" என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. நான்கு பேர் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் சேர்ந்து நடக்கும் விளையாட்டு அது. ஒரு கொள்வனவாளரைக் காரியாலயத்தில் சந்தித்தால் அரை மணித்தியாலம் கிடைப்பதே பெரிது.

கோல்ஃப் மைதானத்தில் நினைத்த நேரத்துக்குப் போய் ஆட முடியாது. நான்கு பேர் கொண்ட ஒரு குழு தொடங்கிச் சுமார் பத்து நிமிடம் கழித்தே அடுத்த குழு தொடங்கலாம். இப்படி ஒதுக்கப்படும் தொடக்க நேரத்துக்கு 'டீ டைம்' என்று பெயர். (நாம் குடிக்கும் தேநீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதை முற்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நண்பருக்கு வந்த வினை இங்கேதான். சனிக்கிழமை கடையில் கூட்டம், எனவே அவருக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. ஒரு வாரம் முன்னதாகக் காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கும். ஏழு மணி மூன்று நிமிடத்துக்கெல்லாம் முழுக் காலையும் நிரம்பிவிடும். மிஞ்சுவது பிற்பகல் இரண்டரை. கோலாலம்பூரில் பிற்பகலில் இடியும் மழையும் சர்வசாதாரணம். இடி முழங்கினால் சங்கு ஊதி எல்லோரையும் மைதானத்தை விட்டு வெளியேற்றுவார்கள்.

ஒருமுறை ஜகார்த்தாவிலிருந்து ஒரு பெரிய கொள்வனவாளர் வந்திருக்கிறார். ஞாயிறு காலை ஆடலாம் என்று நண்பர் சொல்லி வைத்திருந்தார். நேரம் கிடைக்கவில்லை. பிற்பகலில் போய் நான்கு குழி ஆடுவதற்குள் மழை கொட்டியது. ஒதுங்கி நின்றபோது, காலையில் ஆடி முடித்த ஒரு கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் அங்கத்தவர்கள் அல்லர், கட்டணம் செலுத்தி வந்த விருந்தினர்கள். வந்தவர் சிரித்தபடி கேட்டாராம்: "உங்கள் கழகத்தில் உங்களுக்கே இடமில்லையா?" ஓடர் கைநழுவியதை விட அந்தக் கேள்விதான் சுட்டது என்றார் நண்பர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரிகளாகிய நாம் எதையும் கணக்கில் வைத்துப் பார்க்கப் பழகியவர்கள். காலை ஏழு முதல் பதினொரு மணி வரை நான்கு மணித்தியாலம். மணிக்கு ஆறு குழு, குழுவுக்கு நால்வர். ஆக 96 பேர். முதலாம் குழியிலிருந்தும் பத்தாம் குழியிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்க வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் முதலில் இறங்கியவர்கள் பாதி ஆடி மறுபக்கம் வந்து சேரும்போது புதியவர்களுக்கு வழி அடைபட்டுவிடும். அதனால் மொத்தத் தொகை பெரிதாகக் கூடாது.

ஒரு பேச்சுக்கு, கழகத்தில் ஆயிரம் அங்கத்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப்பேர் ஞாயிறு காலையை விரும்பினால், ஒருவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறையே வாய்ப்பு வரும். போட்டிகளுக்கும் விருந்தினருக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. இதில் யாரும் ஏமாற்றவில்லை. மைதானத்தை இழுத்து நீட்ட முடியாது, காலையையும் நீட்ட முடியாது. விற்ற அங்கத்துவம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

கழகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. புல்லுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. தண்ணீர், பசளை, இயந்திரம், ஊழியர் சம்பளம் எல்லாம் ஏழு நாளும் போகும் செலவு. கிழமை நாட்களில் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். மாதச் சந்தா மட்டும் போதாதபோது, ஒரு தடவைக்கு அதிகம் கொடுக்கும் விருந்தினரைக் கழகம் வரவேற்பது இயல்பே. ஆடாத நேரம் மறுநாள் விற்க முடியாத மீனைப் போன்றது. ஆகவே நெருக்கடி குற்றமல்ல. விற்கும்போது அந்த நெருக்கடியை மறைப்பதுதான் குற்றம்.

எல்லை மீறிய இருவர்

அந்த எல்லை மீறப்பட்டால் என்னவாகும் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் உண்டு. நிலத்தின் விலை வானத்தைத் தொட்ட 1980களின் இறுதியில், அங்கே கோல்ஃப் அங்கத்துவப் பத்திரங்கள் பங்குகளைப் போல வாங்கி விற்கப்பட்டன. இபராகி கன்ட்ரி கிளப் என்ற கழகம் 2,830 பேரை மட்டுமே சேர்ப்பதாகச் சொல்லி, ஏறத்தாழ 50,000 அங்கத்துவங்களை விற்றுத் தள்ளியது. நாளொன்றுக்கு 200 பேர் ஆடுவதாக வைத்தாலும், வார இறுதியில் ஆட ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்! கழகத்தின் முதலாளி 1992இல் கைதாகிப் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். பணம் கட்டியவர்கள் பத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சிங்கப்பூர் உதாரணம் இன்னும் பாடமானது. அது கோல்ஃப் கழகமல்ல, நகரக் கழகம். ராஃபிள்ஸ் டவுன் கிளப் 1996இல் தன்னை உயர்தரக் கழகம் என்று விளம்பரம் செய்து, 28,000 சிங்கப்பூர் டொலருக்கு அங்கத்துவம் விற்றது. திறந்த பிறகுதான் ஏறத்தாழ 19,000 பேர் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான அங்கத்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இவ்வளவு பேரைச் சேர்த்துக்கொண்டு உயர்தரக் கழகம் என்ற வாக்கை நிறைவேற்ற முடியாது, ஆகவே ஒப்பந்தம் மீறப்பட்டது என்று 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இறுதியில் ஒருவருக்குக் கிடைத்த நட்டஈடு 3,000 டொலர்தான். 28,000 கொடுத்தவருக்கு 3,000! நீதிமன்றத்தில் வெல்வதை விட, பணம் கட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது மலிவு என்பதே இதன் பொருள்.

நேர்மையாகப் பகிரும் வழி

இருப்பதை நியாயமாகப் பகிர முடியாதா? முடியும். ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் உலகப் புகழ்பெற்ற மைதானம். அது பொதுச் சொத்து. 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி அமைந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அதை நிர்வகிக்கிறது. அங்கே ஆட விரும்புவோர் இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுக்கிறார்கள். சீட்டுக் குலுக்கலில் நேரம் தீர்மானமாகிறது. விரல் வேகமுள்ளவனும் வேகமில்லாதவனும் அங்கே சமம்.

அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரசபையின் மைதானங்களில் வேறு வகைத் தொல்லை. தரகர்கள் நல்ல நேரங்களை மொத்தமாகப் பிடித்து இலாபம் வைத்து விற்பதாக 2024இல் பெரும் கூச்சல் எழுந்தது. ஓர் ஆட்டக்காரருக்கு 10 டொலர், திருப்பித் தரப்படாத முற்பணமாகக் கட்ட வேண்டும் என்று நகரசபை விதித்தது. சும்மா பிடித்து வைப்பவனுக்குக் கை கடிக்கும் என்ற எளிய தத்துவம்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் நுவரெலியாவில் 1889 முதல் கோல்ஃப் ஆடப்பட்டு வந்தாலும், நம்மில் பெரும்பாலோருக்கு அது தூரத்துப் புல்வெளியே. ஆனால் இந்தப் பண்டம் நமக்குப் புதிதல்ல. தொடர்மாடி வீட்டுடன் வாகனத் தரிப்பிடம், வருடச் சந்தா வாங்கும் உடற்பயிற்சி நிலையம், விடுமுறை விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம் என்று பல பெயர்களில் நம்மிடமும் விற்கிறார்கள். பொருள் கையில் வராது. 'பாவிக்கும் உரிமை' என்ற ஒரு தாள் மட்டும் வரும்.

அந்தத் தாளுக்குப் பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேட்பது நல்லது. மொத்தம் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறீர்கள்? இனி எத்தனை பேருக்கு விற்பீர்கள்? எல்லோரும் விரும்பும் நேரத்தில் எத்தனை பேருக்கு இடமுண்டு? வெளியாருக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? வேண்டாமென்றால் இன்னொருவருக்கு மாற்றலாமா? பதிலை எழுத்தில் தருவீர்களா? முகாமையாளர் சிரித்து மழுப்பினால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நண்பர் இந்தக் கேள்விகளை ஐந்து வருடம் பிந்தி, கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டாராம். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். இப்போது அவர் புதன் காலையில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் ஆடுகிறார். கிழமை நாட்களுக்கு மட்டுமான அங்கத்துவம் பாதி விலைக்கே கிடைத்திருக்கும் என்பதுதான் அவருடைய வருத்தம்.

நம் தெருவில் இன்னொரு தையற்காரரும் இருக்கிறார். பெருநாளைக்குப் பத்து நாள் இருக்கும்போதே "ஓடர் முடிந்தது" என்று பலகை மாட்டிவிடுவார். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் அடுத்த வருடம் நோன்பு தொடங்குமுன்பே துணியோடு அவர் வாசலில்தான் நிற்பார்கள்.