அடைக்கலம் தேடும் வாயில்லா ஜீவன்கள்

ஒளுச் செய்வதற்காக வைக்கப்பட்டிருந்த நீர்ப்பாத்திரத்தை நாடி ஒரு பூனை வந்தது. நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தை அதன்பால் சாய்த்துப் பிடித்தார்கள். அதுவும் தாகம் தீர அருந்தியது. நீர் வார்க்க வந்த மருமகள் கப்ஷா வியப்போடு நோக்கவே, பூனை அசுத்தமான பிராணியன்று, நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் உயிர்களுள் அதுவும் ஒன்று என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை அப்பெருந்தகை நினைவூட்டினார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய ஹதீது நூல்களில் காணப்படும் இச்செய்தியை அறியாதார் நம்மில் மிகச் சிலரே. ஊர்வன, பறப்பன யாவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என அருள்மறையின் அல்அன்ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம் அறிவிப்பதையும் பயானில் பன்முறை கேட்டிருக்கிறோம்.

கேட்டிருந்தும் நம் நடைமுறை யாது, அன்பிற்குரிய வாசகர்களே? வீட்டுப் பூனை குட்டி போட்டால், கண் திறந்தும் திறவாத குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் அங்காடியின் ஓரத்தில் எறிந்துவிட்டு வருவோர் நம்மில் இல்லையா? சற்று இரக்கமுடையோர் பள்ளிவாசலின் ஹவுளு அருகே இரவோடு இரவாக விட்டுச் செல்கின்றனர். தொழ வருவோர் யாரேனும் சோறிடுவர் என்பது அவர்தம் கணக்கு. தம் பொறுப்பை ஊரார் தலையில் இறக்கி வைப்பதற்கு இறையில்லத்தைத் தேர்ந்தெடுக்கும் துணிவை என்னென்பது!

இவர்களிடம் வினவினால், பூனையைக் கட்டிப்போட்டுக் கொன்ற பெண்ணன்றோ தண்டனைக்கு ஆளானாள், நாங்கள் அவிழ்த்து விட்டோமே என விடையிறுப்பர். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள அந்த நபிமொழியைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். அப்பெண் உணவும் அளிக்கவில்லை. தானே இரை தேடி உண்ணவும் விடவில்லை என்பதே அவள்மீதுள்ள குற்றச்சாட்டு. விடுவித்தல் என்பது இரை தேடும் வல்லமையுள்ள உயிரை அதன் போக்கில் விடுவதாகும். தாய்ப்பால் மறவாத குட்டியையும், வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்து எலியைக் கண்டால் ஒதுங்கும் பூனையையும் நடுத்தெருவில் எறிவது எவ்வாறு விடுவித்தலாகும்? கயிறு இல்லை என்பதைத் தவிர வேறு வேறுபாடு யாது? நாட்டின் சட்டமும் இதனைக் குற்றமென்றே கொள்கிறது. பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் வளர்ப்புப் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி தண்டனைக்குரியது.

இவ்வாறு கைவிடப்பட்ட உயிர்களை ஏந்திக் காப்பதற்கென்றே நன்கொடையால் நடைபெறும் காப்பகங்கள் உள்ளன. சென்னை புளூ கிராஸ் அவற்றுள் ஒன்று. மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கரைசேர்த்த விமானி கேப்டன் வி. சுந்தரம் அவர்களும் குடும்பத்தினரும் 1959ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினர். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நகராட்சிகளின் வழக்கமாயிருந்த காலத்தில், கருத்தடை செய்து பெருக்கத்தைத் தடுக்கலாம் என 1960களிலேயே வாதிட்டுச் செய்தும் காட்டியது அந்நிறுவனம். சென்னை மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது 1996ஆம் ஆண்டிலேதான்.

இத்தகைய காப்பகங்களிலிருந்து பூனையை வளர்ப்புக்குப் பெறலாம். வீட்டு நிலையை விசாரித்து, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உறுதி பெற்று ஒப்படைப்பர். கருத்தடை குறித்து ஐயமுடையோர் தம் மத்ஹபின் ஆலிமை அணுகலாம். நலன் கருதி அனுமதித்த சட்ட வல்லுநர் உளர். இதனைத் தத்தெடுத்தல் என்று வழங்குகின்றனர். தத்துப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக்கும் வழக்கை மார்க்கம் ஏற்காமையால் அச்சொல் சிலர் செவிக்கு நெருடலாம். ஓர் உயிரின் பொறுப்பை ஏற்றல் என்பதே இங்கு அதன் பொருள். நம் வழக்கில் அமானிதம் என்போமே, அதுதான்.

ஆனால் இன்று நம் இல்லங்களில் பெருகிவரும் மோகம் வேறு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பாரசீகப் பூனைகளை வாங்குகின்றனர். நம் ஊர் வெயிலில் அச்சடைமயிரின் பராமரிப்பு அலுத்துப்போனால் அவையும் ஒருநாள் காப்பகத்தையே அடைகின்றன. பூனைக்கு விலை பெறுவதைத் தடுக்கும் நபிமொழி ஒன்று முஸ்லிம் நூலில் உண்டு. அத்தடை வெறுக்கத்தக்கது என்ற அளவினதே எனக் கொண்டு, இமாம்களில் பெரும்பாலோர் விற்பனையைக் கூடுமென்றே கூறினர். எனினும் விலையின்றியே ஓர் உயிர் அடைக்கலம் தேடி நிற்கையில் அந்தச் சர்ச்சைக்குள் நாம் ஏன் புக வேண்டும்?

நாயின் நிலை வேறு. வேட்டை, மந்தை, வேளாண்மை ஆகியவற்றுக்கன்றி நாய் வளர்ப்போரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்பது நபிமொழி. ஷாஃபிஈ மத்ஹபில் அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஆகவே வீட்டுக்குள் நாய் வளர்க்குமாறு நாம் கூறோம். தோட்டக் காவலுக்கு நாய் தேவைப்படுவோர் காப்பகத்தில் பெறலாம். ஆனால் விலகியிருத்தல் வேறு, வதைத்தல் வேறு. கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் முகந்து வந்து நாயின் தாகம் தீர்த்தவருக்கு இறைவன் மன்னிப்பு அருளினான் என்பதும் அதே நபிகளாரின் வாக்கே. தெருநாயின்மீது கல்லெறியும் பிள்ளையை நகைத்துக்கொண்டே பார்த்திருக்கும் பெற்றோர் எந்த மத்ஹபிலிருந்து அதற்கு ஆதாரம் காட்டுவர்?

பூனை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், அதற்கு மேலும் வாழக்கூடியது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு முடிந்துவிடும் விளையாட்டன்று. முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் உணவளிப்பது உடையவன்மீது கடமை என, 1262ஆம் ஆண்டில் மறைந்த ஷாஃபிஈ சட்ட மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) எழுதி வைத்தார்கள். ஆகவே வீட்டார் அனைவரும் இசைந்த பின்னரே கொண்டு வாருங்கள்.

அம்மேதையின் காலத்தவரான எகிப்திய சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்கென்றே வக்பு செய்தார். 1830களில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், பொறுப்பாளர்கள் அத்தோட்டத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பெயரளவு வாடகையே மிஞ்சியிருந்ததைக் குறித்துள்ளார். வக்பு சொத்துகளின் கதை எங்கும் ஒன்றுதான் போலும்! ஆயினும் பிற்பகல்தோறும் காஜியாரின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு வழங்குவது மட்டும் நிற்கவில்லையாம்.

வீட்டில் இடமில்லாதோர் காப்பகத்துக்குப் பொருளுதவி செய்யலாம். ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் எனத் திருமறை வரையறுத்துவிட்டமையால் அதிலிருந்து எடுக்க வேண்டா, ஸதகாவிலிருந்து கொடுங்கள். பணமில்லையேல் பழைய துண்டுகளையும், படித்து முடித்த நாளிதழ்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். குட்டிகளின் கூண்டில் விரிக்க அவை உதவும். இறைநாமமும் நபிகளாரின் திருப்பெயரும் அச்சாகியுள்ள இந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை மட்டும் மறவாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.