வாயில் நம் கையில் இருக்கட்டும்

கல்லூரி வகுப்பறையில் 'ப்ராக்ஸி' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: வராத மாணவனுக்காக வந்திருக்கும் மாணவன் குரல் கொடுப்பது. அச்சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்துப் பழகிய நாங்கள், இன்று ஒரு ப்ராக்ஸிக்காகப் பரிந்து எழுத வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் ஒரு தேர்வுக்கால இரவு.

நண்பர்கள் சிலர் சேர்ந்து, பதிப்புரிமை நீங்கிய பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, சொல் தேடும் வசதியோடு ஓர் இணையதளம் நடத்தி வருகிறோம். நூல்கள் யாவும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் உள்ளன. சாதாரண நாட்களில் வருவோர் சிலரே. பருவத்தேர்வுக்கு முந்தைய இரவுகளில் மட்டும் மாணவர்கள் திரண்டு வருவர். அத்தகைய ஓர் இரவில் தளம் நின்றுபோயிற்று. பிழைப்பதிவைத் திறந்து பார்த்தபோது ஒரே வரி மீண்டும் மீண்டும் வந்திருந்தது. 'மன்னிக்கவும், ஏற்கெனவே இணைந்திருப்போர் மிகப் பலர்' என்பது அதன் கருத்து. இயந்திரம் மன்னிப்புக் கேட்டுவிட்டது. தேடி வந்த மாணவர்கள் வெறுங்கையோடு திரும்பினர்.

காரணம் எளியது. போஸ்ட்கிரெஸ் தன்னிடம் வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு செயல்முறையைத் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் நினைவகத்தில் சில மெகாபைட்டுகளை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நிறுவும்போது பொதுவாக அமையும் வரம்பு 100. அதிலும் 3 இடங்கள் நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய 97 இடங்களையும் உண்மையில் யாரும் முழுநேரம் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பக்கம் உருவாகும் நேரத்தில் தரவுத்தளம் உழைப்பது சிறு பகுதியே. மற்ற நேரமெல்லாம் இணைப்பு சும்மா கிடக்கிறது. பேருந்து இருக்கையில் துண்டு போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவரை நாம் அறிவோம். நின்றுகொண்டிருப்பவர் கண்ணுக்கு இருக்கை காலி. ஆனால் உட்கார முடியாது.

வரம்பை உயர்த்திவிடலாமே என்றுதான் முதலில் எண்ணினோம். அது பேருந்தின் படியில் மேலும் நாற்பது பேரை ஏற்றுவதற்கு ஒப்பாகும். சிறிய வழங்கியின் நினைவகம் அதைத் தாங்காது. தாங்கினாலும் எல்லோருக்கும் வேகம் குறையும். செய்ய வேண்டியது துண்டை எடுப்பது. அந்த வேலையைத்தான் இணைப்பு ப்ராக்ஸி செய்கிறது. தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே அது நிற்கும். தளத்தின் பக்கமிருந்து நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஏற்றுக்கொண்டு, தரவுத்தளத்தின் பக்கம் சிலவற்றை மட்டும் திறந்து வைத்து, வேலை உள்ளவருக்குத் தந்து, முடிந்தவுடன் வாங்கி அடுத்தவருக்குத் தரும்.

நாங்கள் அமர்த்தியது பிஜிபவுன்சர். எஸ்தோனிய நாட்டின் தாலின் நகரில் வேரூன்றிய ஸ்கைப் நிறுவனத்தின் பொறியாளர்கள் தம் சொந்தத் தேவைக்காக எழுதி, 2007இல் மூலநிரலோடு வெளியிட்ட சிறிய மென்பொருள். ஓர் இணைப்புக்கு ஏறத்தாழ 2 கிலோபைட் நினைவகமே அதற்குப் போதும். தளத்தின் பக்கம் 500 இணைப்புகளை அனுமதித்தோம். தரவுத்தளத்தின் பக்கம் 20 மட்டும் திறந்தோம். புதிய வழங்கி எதுவும் வாங்கவில்லை.

இவ்வேலையை வாடகைக்குச் செய்து தரும் சேவைகளும் உள்ளன. எங்கள் குழுவில் விவாதம் எழுந்தது அங்கேதான். மென்பொருள் துறையில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, நள்ளிரவில் அது நின்றுபோனால் எழுந்து பார்ப்பது யார்?" நியாயமான கேள்வி. ப்ராக்ஸி நின்றால் தளமும் நிற்கும்.

ஆயினும் நாமே நடத்த வேண்டும் என்பதே எங்கள் துணிபு. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது செல்லும் பாணன், தோழி முதலியோரைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்னும். வாயிலாக நிற்பவர் இரு பக்கத்து மறைச்செய்தியையும் அறிந்தவர். இணைப்பு ப்ராக்ஸியும் அத்தகைய வாயிலே. தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதனிடம் இருக்கிறது. வாசகர் தேடும் ஒவ்வொரு சொல்லும், தளம் தரும் ஒவ்வொரு விடையும் அதன் வழியாகவே செல்கின்றன. யார், எப்போது, எதைத் தேடினார் என்பது நம்மை நம்பி வந்த வாசகருடைய செய்தி. மாதச் சந்தா மிச்சமாவதைவிட இது பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கைப் சேவை 2025 மே மாதம் நிறுத்தப்பட்டது. அங்கே பிறந்த பிஜிபவுன்சரோ இன்றும் வளர்ந்து வருகிறது. மூலநிரல் பொதுவில் இருந்ததே காரணம். வாடகைச் சேவையை மூடுவதா என்பதை அதன் உரிமையாளர் முடிவு செய்வார். நம் வழங்கியில் ஓடும் மென்பொருளை நிறுத்துவதா என்பதை நாம் முடிவு செய்வோம். பழைய நூல்களைக் காக்கவென்று தொடங்கிய தளத்துக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

நாமே நடத்துவதில் இடறல்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒரு பரிவர்த்தனை முடிந்தவுடன் இணைப்பைத் திரும்பப் பெறும் முறையை நாங்கள் தேர்ந்தோம். மிகுந்த பயன் தருவது அதுவே. ஆனால் எந்த நூல்தொகுதியில் தேடுவது என்ற குறிப்பை எங்கள் தளம் இணைப்பிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் உடையது. இணைப்பு கைமாறியபோது குறிப்பும் சேர்ந்து கைமாறியது. சங்கப் பாடல்களில் தேடியவருக்கு நாட்டுப்புறக் கதைகளிலிருந்து விடை வந்தது. குறிப்பு அந்தந்தப் பரிவர்த்தனைக்குள் மட்டும் செல்லுமாறு நிரலைத் திருத்த இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாட்களில் எங்கள் தளத்தைப் பற்றி நாங்களே அறிந்துகொண்டது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அறிந்ததைவிட மிகுதி.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று சொல்லவில்லை. வரம்பை ஒருநாளும் எட்டாத தளத்துக்கு ப்ராக்ஸி வீண் சுமை. பொறுப்பேற்க ஒருவரும் இல்லாத குழு வாடகைக்கே போகலாம், அதில் இழுக்கில்லை. நடத்த முற்படுவோர் மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்க. ப்ராக்ஸியின் கதவை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாமல் வழங்கிக்குள்ளேயே வையுங்கள். அமைப்புக் குறிப்புகளைத் தாளில் எழுதி, குறைந்தது இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். காத்திருப்போர் எத்தனை பேர் என்று பிஜிபவுன்சர் காட்டும் எண்ணை அவ்வப்போது பாருங்கள்.

மாணவரின் கேள்விக்கு விடை சொல்லாமல் விட முடியாது. நள்ளிரவில் எழுந்து பார்ப்பவர் இருவர்: அவர் ஒருவர், எங்களுள் ஒருவர். சென்ற பருவத்தேர்வின் முந்தைய இரவில் இருவரும் விழித்திருந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் நாற்பதைத் தொட்டது. சில நொடிகளில் சுழியத்துக்கு இறங்கியது. காத்திருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் போகவில்லை.