மலிவு விலை ‘கீ’கள்: வாங்குவோர் கவனிக்க வேண்டும்

கம்ப்யூட்டர் வீடியோ கேம்கள் இப்போது பெரும்பாலும் தகட்டில் வருவதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ‘கீ’ ஒன்றை வாங்கி, ஸ்டீம் போன்ற தளத்தில் பதிந்தால் போதும். அதே கீயை வேறு சில இணையச் சந்தைகள் மிகக் குறைந்த விலைக்கு விற்கின்றன. சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதிப் பிழைக்கும் தகப்பனாருக்கு, மகன் கேட்கும் 2,000 ரூபாய்ப் பொருள் 800 ரூபாய்க்குக் கிடைத்தால் அது பெரிய விஷயந்தான்.

மலிவுச் சரக்கெல்லாம் திருட்டுச் சரக்கு என்பது நியாயமாகாது. தள்ளுபடிக் காலத்தில் வாங்கி வைத்துப் பின்னர் விற்போர் உண்டு. விலை குறைந்த நாட்டில் வாங்கி விற்போரும் உண்டு. ஆனால், திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய கீயும் அதே வரிசையில்தான் நிற்கிறது. கார்டுக்கு உரியவர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நஷ்டம் கேம் தயாரித்தவர் தலையில் விழுகிறது.

இது வெறும் சந்தேகமல்ல. ‘ஃபாக்டோரியோ’ கேமைத் தயாரித்த செக் நாட்டு வூப் நிறுவனத்தின் கீகளில் 198 திருட்டுக் கீகள் தன் சந்தையில் விற்கப்பட்டதாக ஜி2ஏ நிறுவனம் 2020-ல் ஒப்புக்கொண்டு, 39,600 டாலர் கொடுத்தது.

வாங்கியவருக்கும் நிம்மதியில்லை. 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம், மோசடியாகப் பெறப்பட்டவை என்று கூறிப் பல கீகளை ரத்து செய்தது. எதிர்ப்புக்குப் பின், ஆடத் தொடங்கியிருந்தவர்களுக்கு மட்டும் திருப்பி அளித்தது. அந்தத் தயவை எப்போதும் எதிர்பார்க்க முடியாது.

மலிவு சி.டி.களுக்குப் பெயர் பெற்றிருந்த பீமாப்பள்ளிக் கடைகளை திருவனந்தபுரத்துக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதுவும் முறையான வியாபாரமல்ல. ஆயினும் வாங்கிய தகடு கையில் இருந்தது; விற்றவர் முகமும் தெரிந்தது. கீ வியாபாரத்தில் இரண்டும் இல்லை. கடல் கடந்து எங்கிருந்தோ ஒருவர் பொத்தானை அமுக்கினால், கொடுத்த பணம் போன இடம் தெரியாது.

விற்பவரின் பெயர், முகவரி ஆகியவற்றை இணையச் சந்தைகள் வெளியிட வேண்டுமென்று 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. இந்தியருக்கு முறையாகச் சரக்கு விற்கும் அயல்நாட்டுச் சந்தைகளுக்கும் இவை பொருந்தும். அரசு இதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும். புகார் செய்ய 1915 என்ற எண் உண்டு.

அதுவரை பொறுமையே சிக்கனம். ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை உண்டு. அவ்வப்போது தள்ளுபடியும் உண்டு. அங்கு நேரில் வாங்கியதை, 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பணம் கட்டுமுன் விற்பவர் யார் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. பதில் கிடைக்காத இடத்தில் வாங்காமலிருப்பதே லாபம்.