நோன்பு அதிரசமும் ஆண்டுக் கணக்கும்

தீபாவளி கழிந்த இரண்டாம், மூன்றாம் வாரங்களில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் குறைந்துவிடும். மழை, வயல் வேலை, ஊர்ப் பயணம் என்று இதற்குக் காரணங்கள் பல சொல்லலாம். ஆயினும் வராதவர்களின் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். எடையைக் குறைக்க முனைந்து, ஆடி, ஆவணி, புரட்டாசி என மாதந்தவறாமல் வந்து, மூன்று கிலோ, நான்கு கிலோ குறைத்து நல்ல நிலையில் இருந்தவர்களே அவர்களுள் மிகுதி. பண்டிகையன்று வயிறார உண்டுவிட்டார்கள். எடைப் பொறி காட்டிக்கொடுத்துவிடும், மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சிலர் தை பிறந்தபின் வருகிறார்கள். சிலர் காலில் புண்ணோடு வருகிறார்கள்.

அவர்கள் உண்ட விருந்தைவிட, வராமற்போன அந்த மூன்று மாதங்களே அவர்களுக்குத் தீங்கு செய்தன என்பது என் துணிபு. எடை குறைக்க விழைபவர் எப்போதேனும் ஒருநாள் விருந்தில் அமர்ந்து, பலர் அறிய, மகிழ்ந்து உண்ணலாம். உண்ணுதல் நன்று என்றே சொல்வேன். மருத்துவமனை மடலில் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என் உடன் பணியாற்றுவோரிலேயே இதை ஏற்காதவர் உண்டு.

உத்திரமேரூரை அடுத்த சிற்றூரிலிருந்து ஓர் அம்மையார் வருகிறார். ஐம்பதைக் கடந்தவர்; நீரிழிவும் முழங்கால் வலியும் உடையவர். ஐந்து மாதங்களில் நான்கு கிலோ குறைத்திருந்தார். அவர் இல்லத்தில் தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி நோன்பு உண்டு. நம் வட மாவட்டங்களில் நோன்பெடுக்கும் குடும்பங்கள் அதிரசம் சுட்டு, எண்ணி 21 வைத்துப் படைப்பது வாசகர் அறிந்ததே. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் மாவாக்கி, வெல்லப்பாகின் பதம் பார்த்துக் கிளறி, மாவைப் புளிக்கவிட்டு, எண்ணெயிலிட்டு எடுத்து, இரு கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெய் வடித்து, அவ்வளவும் செய்தவர் அவரே. படையல் முடிந்து எல்லாரும் உண்ண அமர்ந்தபோது, அவர் தட்டில் இருந்த ஒன்றை மகன் எடுத்துவிட்டார். "அம்மா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று பேரப்பிள்ளைகளின் முன்னிலையிலேயே சொன்னாராம். மகனைக் குறைகூற மாட்டேன். தாயின் மீதுள்ள அன்பினாலும் அச்சத்தினாலும் செய்தார். ஆனால் அன்றிரவு எல்லாரும் உறங்கியபின், அந்த அம்மையார் இருட்டில் நின்றபடியே நான்கு அதிரசங்களை உண்டார். மறுநாளும் உண்டார். "எப்படியும் கெட்டுப்போயிற்று, இனி என்ன டாக்டர்" என்று நினைத்ததாகப் பின்னர் என்னிடம் சொன்னார். அந்தப் 'பின்னர்' வருவதற்கு மாசி மாதம் ஆயிற்று. குறைந்த நான்கு கிலோவும் திரும்பியிருந்தன.

"எப்படியும் கெட்டுப்போயிற்று" என்ற அந்த எண்ணத்தை உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்னும் இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவியரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். முதலில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தனர். பின்னர் எல்லார் முன்பும் ஐஸ்கிரீம் வைத்து, வேண்டுமளவு உண்ணலாம் என்றனர். உணவில் கட்டுப்பாடு பேணாத மாணவியர், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே உண்டனர். வயிற்றில் இடமில்லை, அது இயல்பு. கட்டுப்பாடு பேணியவர்களோ, மில்க் ஷேக் குடித்தபின் குடிக்காதபோது உண்டதைவிடக் கூடுதலாக உண்டனர். விதி உடைந்துவிட்டது என்று தோன்றியதும் அணையும் உடைந்துவிட்டது. அந்த அம்மையார் இருட்டில் செய்ததும் இதுவே. எல்லாருடனும் அமர்ந்து ஒன்றை உண்டிருந்தால் அந்த ஒன்றோடு நின்றிருப்பார் என்று உறுதி கூற என்னால் இயலாது. ஆனால் ஒளித்து உண்பவருக்கு எண்ணிக்கை நினைவில் நிற்பதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

கணக்கு என்றதும் நம் ஊரின் பெருமையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவதால் உலகறிந்தவை. வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்று அவை விதிக்கின்றன. ஒருநாள் செலவை வைத்து ஒருவரைத் தள்ளவில்லை. ஆண்டு முழுமைக்கும் கணக்குக் கேட்டார்கள். உடல் எடையையும் அவ்வாறே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பார்ப்போம். பொங்கல், சித்திரை முதல்நாள், ஆடித் திருவிழா, தீபாவளி, உறவினர் திருமணங்கள், காதணி விழா, வளைகாப்பு என்று ஓர் ஆண்டில் 12 விருந்துகள் எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் வழக்கத்தைவிட 1,000 கலோரி மிகுதியாக உண்பதாக வைத்தால் ஆண்டுக்கு 12,000. இனி அன்றாடம் பருகும் தேநீர். நாளொன்றுக்கு நான்கு குவளை, குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 40 கிராம், 160 கலோரி. ஆண்டுக்கு 58,400 கலோரி. சர்க்கரையின் எடையாகச் சொன்னால் 14.6 கிலோ! அவ்வளவு சர்க்கரையைத் தேநீரிலேயே கரைத்துக் குடிக்கிறோம். அதற்காக எவரும் வெட்கப்படுவதுமில்லை, எவரும் தட்டைப் பிடுங்குவதுமில்லை. நண்பகலில் பசியடங்கியபின் பழக்கத்தால் இட்டுக்கொள்ளும் ஒரு கரண்டிச் சோறு, ஏறத்தாழ 100 கிராம், 130 கலோரி. ஆண்டுக்கு 47,000க்கும் மேல். இவையெல்லாம் அப்படியே கொழுப்பாக மாறிவிடும் என்று கொள்ளலாகாது. உடலின் செலவும் எடைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். எனினும் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட இக்கணக்கு போதும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் மிகுஎடையோ உடற்பருமனோ உடையவர் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. நாம் விருந்துண்டு இந்நிலைக்கு வந்தோமில்லை. அன்றாடச் சோறும் தேநீரும் மாலைத் தின்பண்டமும், உடலசைவு குறைந்ததும் கூடியே நம்மை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும், அது வலுவானது. 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடையிட்டுப் பார்த்தது. நவம்பர் இறுதி முதல் புத்தாண்டு வரையிலான அக்காலத்தில் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோ மட்டுமே. தங்களுக்கு ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும் என்று அவர்களே எண்ணியிருந்தனர்; அச்சம் உண்மையைவிட நான்கு மடங்கு பெரிது. ஆனால் அந்தச் சிறு எடை அடுத்த மாதங்களில் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஆண்டுதோறும் அப்படிச் சேர்ந்தால் 20 ஆண்டுகளில் என்னவாகும் என்று கேட்போர்க்கு நான் மறுமொழி சொல்லியாக வேண்டும்.

என் மறுமொழி இதுதான். அந்த ஆய்வு அளந்தது ஒருநாள் விருந்தை அன்று. ஆறு வாரப் பண்டிகைக் காலத்தை. நம் வீடுகளிலும் தீபாவளி ஒருநாள். தீபாவளிப் பலகாரத் தூக்கு பதினைந்து நாள். எதிர்வீட்டார் கொடுத்தது, நிறுவனத்தில் கொடுத்தது, சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது என எல்லாம் அலமாரியில் இருக்கும். போகவர ஒரு கை. அதில் விருந்தின் மகிழ்ச்சி ஏதுமில்லை. அதிரசம் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வந்ததற்குக் காரணம் பாட்டிமாரின் மனக்கட்டுப்பாடு என்று நான் நினைக்கவில்லை. அதைச் செய்வதிலுள்ள பாடே காரணம். இன்று பலகாரக் கடையில் நாள்தோறும் கிடைக்கிறது. காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லியும் இப்படித்தான். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் மணக்க வேகும் அந்த இட்லியில் ஒரு துண்டு கையில் கிடைத்தால் பேறு என்று கருதியவர்கள், இன்று உணவகத்தில் வேண்டும்போதெல்லாம் வாங்கி உண்கிறார்கள். விருந்து அன்றாடமாகிவிட்டபின் விருந்தென்று ஒன்று இல்லை.

நகரத்து இளைஞர் சிலர் வாரத்தில் ஒருநாளைச் 'சீட் டே' என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏமாற்றும் நாள் என்பது பொருள். யாரை ஏமாற்றுகிறார்களோ! பெயரும் எனக்குப் பிடிக்கவில்லை, கணக்கும் பிடிக்கவில்லை. வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 52 விருந்து. மேற்சொன்ன தேநீர்ச் சர்க்கரைக்கு அது ஏறக்குறைய நிகராகிவிடும். மாதத்துக்கு ஒன்று, திருமண மாதங்களில் இரண்டு. அதுவும் முன்கூட்டியே குறித்துக்கொண்ட நாள். இதுவே நான் சொல்லும் அளவு.

விருந்துக்கு மறுநாள் எடைப் பொறியில் ஏறவே வேண்டா. ஒன்று, ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். அதில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்தை உடல் சேமிக்கும்போது அதனோடு அதைப்போல் மூன்று பங்கு நீரையும் சேர்த்துவைக்கும். ஊறுகாயும் அப்பளமும் தந்த உப்பும் நீரைப் பிடித்துவைக்கும். வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாள்களில் அது இறங்கிவிடும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக வேண்டும்; ஒரே பந்தியில் அவ்வளவு உண்பது பீமனுக்கே கூடும். அதேபோல், மறுநாள் பட்டினி கிடந்தோ மூன்று மணி நேரம் நடந்தோ விருந்தைக் கழிக்க முயலவும் வேண்டா. ஒரு மணி நேர நடையில் செலவாவது 200, 250 கலோரி அளவே. வழக்கமான நடையை வழக்கம்போல் நடந்தால் போதும்.

நீரிழிவு உடையோர்க்கு ஒரு நுட்பம் சொல்வேன். நம் பந்தியில் இலை நுனியில் இனிப்பை முதலில் வைப்பது மரபு. வைக்கட்டும், அதை உடனே உண்ண வேண்டும் என்பதில்லை. பொரியல், கூட்டு, பருப்பு ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றையும் இனிப்பையும் பின்னர் உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும் அளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மரபுக்கும் மாறில்லை, உடலுக்கும் நன்று.

சிலவற்றில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. விருந்தன்று மாத்திரையை நிறுத்துவது பெரும்பிழை. 'இன்று எப்படியும் கூடத்தான் போகிறது' என்று நிறுத்துவோர் பலர். இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்டோ, பந்திக்காகப் பகல் இரண்டு மணிவரை வெறும் வயிற்றோடு காத்திருப்பது அதனினும் ஆபத்து; சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். சிறுநீரகம் பழுதுபட்டோர், இதயம் தளர்ந்தோர், அண்மையில் மாரடைப்பு வந்தோர், பித்தப்பைக் கல்லோ கணைய அழற்சியோ உடையோர் ஆகியோர்க்கு இக்கட்டுரை பொருந்தாது. அவர்கள் விருந்துக்கு முன்னரே தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். 'இன்னொன்று வையுங்கள்' என்று உபசரிப்பது நம் பண்பு. எடை குறைப்பவர் கையால் இலையை மறைத்தபின்னும் வைப்பது பண்பாகாது. அதேபோல் பத்துப் பேர் முன்னால் 'அவருக்கு வைக்காதே' என்று தடுப்பதும் ஆகாது. என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதை முதல்நாள் வீட்டிலேயே அவரும் நீங்களும் பேசி முடிவுசெய்யுங்கள். பந்தியில் அவரை அவர் போக்கில் விட்டுவிடுங்கள்.

அந்த அம்மையார் மாசிக்குப்பின் மாதந்தோறும் வருகிறார். சென்ற ஐப்பசியில் மகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். நோன்பன்று எத்தனை உண்ணலாம் என்று அம்மையார் கேட்டார். மகன் என்னைப் பார்த்தார். எல்லாருடனும் அமர்ந்து, உணவின் முடிவில் ஒன்று, சிறிதாகத் தட்டினால் இரண்டு என்றேன். "சிறிதாகவே தட்டுகிறேன்" என்றார். மீதியைத் தெருவில் உள்ள நான்கு வீடுகளுக்கு அன்றைக்கே கொடுத்தனுப்புவதாக மகன் ஏற்றுக்கொண்டார். தீபாவளிக்குப்பின் குறித்திருந்த நாளில், மழையிலும் இருவரும் வந்தார்கள். எடை 300 கிராம் கூடியிருந்தது. சீட்டில் எழுதிவிட்டு அடுத்த மாதத் தேதியைக் குறித்துக் கொடுத்தேன்.