இரண்டு அப்பா உள்ள ராஜா

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தாயிற்று. கேண்டீனில் ஆரம்பித்து மணி அடித்ததால் பாதியில் நின்றுபோன ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை இங்கே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

வகுப்புத் தோழன் ஒருவன் அன்று சொன்னது இதுதான். "ரோம்காரன் புத்திசாலிடா. பையன் தத்தியா இருந்தா நாட்டைக் கொடுக்க மாட்டான். திறமைசாலியாப் பார்த்துத் தத்து எடுத்துப்பான். நம்ம ராஜாக்களுக்கு ரத்தத்தைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் வாரிசு அரசியல்." சுற்றி இருந்தவர்கள் எல்லாம் ஆமாம் போட்டார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் 'ரத்தம்' என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ரோம் இல்லை, எங்கள் தாத்தா.

தாத்தா சுவீகாரம் போனவர். அவருடைய பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. தாத்தாவுக்கு ஆறு வயதில் அவர் எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒரே தெரு, நாலு வீடு தள்ளி. ஆனால் பள்ளிக்கூடத்து வாத்தியார், பெற்ற அப்பா பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டார். நிலப் பத்திரத்தில் வளர்த்த அப்பா பெயர். தாத்தா உயிரோடு இருந்தவரை இதை யாரும் கேட்கவில்லை. போன வருடம் அவர் காலமான பிறகு பட்டாவை அப்பா பெயருக்கு மாற்றப் போனால், ஒரு அலுவலகத்தில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல யாருங்க நிஜ அப்பா?" என்று கேட்டார்கள். அதைவிடக் கொடுமை, பதினாறாம் நாள் காரியத்தில் ஒரு பங்காளிப் பெரியவர் சத்தமாகவே சொன்னார்: "என்ன இருந்தாலும் அவர் வந்தவர்தானே." நாலு வீடு தள்ளி வந்தவர்!

இது இருக்கட்டும். முதலில் ரோமை முடித்துவிடுவோம்.

தோழன் சொன்னதில் பாதி உண்மை. ரோமானியப் பெரிய குடும்பங்களில் தத்து எடுப்பது சர்வ சாதாரணம். அதுவும் குழந்தையை இல்லை, வளர்ந்த ஆளை. ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் கொலையானதும் உயிலைப் பிரித்துப் பார்த்தால், சகோதரியின் பேரனான ஆக்டேவியனைத் தன் மகனாக எழுதி வைத்திருந்தார். பையனுக்கு வயது 18. சீசரின் குடும்பம் தங்களை வீனஸ் தேவதையின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். ஒரே ஒரு உயிலில் பையனுக்கு தேவதை பாட்டியாகிவிட்டாள். சீசரை தெய்வம் என்று அறிவித்த பிறகு 'தெய்வத்தின் மகன்' என்று நாணயத்திலேயே அடித்துக்கொண்டான். சரி, கிளியோபாத்ரா தன் மகன் சிசேரியனை சீசருக்குப் பிறந்தவன் என்றாளே, அவன் என்ன ஆனான்? கி.மு. 30-இல் ஆக்டேவியன் ஆளை விட்டுக் கொன்றான். காகிதத்தில் மகனானவன், ரத்தத்தில் மகன் என்று சொல்லப்பட்டவனைக் கொன்றான். இதில் திறமைத் தேர்வு எங்கே இருக்கிறது?

பிறகு அந்தப் புகழ்பெற்ற 'நல்ல பேரரசர்கள்' வரிசை. நெர்வா டிராஜனைத் தத்து எடுத்தார், டிராஜன் ஹாட்ரியனை, ஹாட்ரியன் அன்டோனினஸை, அவர் மார்க்கஸ் அரேலியஸை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் நாலு பேருக்கும் உயிரோடு ஆண் பிள்ளை கிடையாது. ஐந்தாவது ஆளான மார்க்கஸுக்கு ஒரு பிள்ளை மிஞ்சியது. கதை அங்கேயே முடிந்தது. தத்துவஞானி என்று உலகமே கொண்டாடும் அந்த மனுஷர் நாட்டைத் தன் மகன் கொம்மோடஸ் கையில்தான் விட்டுப் போனார். டிராஜன் தத்தானதும் சும்மா இல்லை. 97-இல் மெய்க்காவல் படையே கிழவர் நெர்வாவை அரண்மனையில் மடக்கிவிட்டது. ஜெர்மானிய எல்லையில் பெரும் படையோடு இருந்தவர் டிராஜன். அவரை மகன் என்று சொல்லிக்கொண்டால்தான் கிழவருக்கு உயிர்.

எனக்குப் பிடித்த ஆள் செப்டிமியஸ் செவெரஸ். உள்நாட்டுப் போரில் ஜெயித்து வந்தவர், 195-இல் தன்னை மார்க்கஸ் அரேலியஸின் மகன் என்று தானே அறிவித்துக்கொண்டார். மார்க்கஸ் செத்துப் பதினைந்து வருஷம்! 'உங்களுக்கு ஒரு அப்பா கிடைத்ததற்கு வாழ்த்துகள்' என்ற பாணியில் ஒருவர் அவரைக் கிண்டல் செய்ததாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் டியோ எழுதி வைத்திருக்கிறார். அப்பன் மகனைத் தத்து எடுப்பது போய், மகன் அப்பனைத் தத்து எடுத்த கதை.

இப்போது நம்ம ஊர். எங்கள் காவாந்தண்டலத்துக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம், இன்னொரு பக்கம் உத்திரமேரூர். இரண்டு ஊரிலும் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. பெயர் ஒன்று, சுவரில் எழுதியிருப்பது நேர் எதிர். இதைத்தான் அன்று கேண்டீனில் சொல்ல நினைத்தேன்.

காஞ்சிபுரம் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் நந்திவர்மன் என்கிற பல்லவமல்லன். கருவறையைச் சுற்றி வரும் மண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக இருக்கிறது, சில இடங்களில் கீழே எழுத்தும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண்மணி சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களைப் பற்றி எழுதிய புத்தகம், அவர் இறந்த பிறகு 1941-இல் வெளிவந்தது. போகிறவர்கள் தூணையும் சிங்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடாமல், சுவரைப் பாருங்கள்.

சுவர் சொல்லும் கதை: 731 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோகிறான். பட்டத்துக்கு ஆள் இல்லை. அமைச்சர்களும், காஞ்சிக் கடிகையைச் சேர்ந்தவர்களும், ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து இரணியவர்மன் என்ற கிளைக் குடும்பத்துத் தலைவனிடம் போய் நிற்கிறார்கள். அவனுக்கு நாலு பிள்ளைகள். பெரியவர்கள் மூன்று பேரும் மாட்டேன் என்கிறார்கள். கடைக்குட்டி, பன்னிரண்டு வயசுப் பையன், நான் போகிறேன் என்கிறான். அப்பனுக்கு மனசு வரவில்லை. ஒரு பெரியவர் சமாதானம் சொல்லி அனுப்ப வைக்கிறார். பையன் மலை, ஆறு, காடு எல்லாம் தாண்டி வந்து காஞ்சியில் முடிசூடுகிறான். (கம்போடியாவிலிருந்து வந்தான் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. சுவரில் நாட்டின் பெயர் இல்லை. அது ஆய்வாளர்களின் ஊகம், அவ்வளவுதான்.)

எனக்கு இதில் சந்தேகம் வரும் இடம் அந்த மூன்று அண்ணன்கள். ராஜ்யம் வீடு தேடி வருகிறது, மூன்று பேரும் வேண்டாம் என்கிறார்களாம். இந்தச் சுவரைக் கட்டியது யார் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஏனென்றால் இதே பல்லவமல்லன் காலத்துச் செப்பேடுகள் இரண்டு இருக்கின்றன. உதயேந்திரம் செப்பேடு, 21-ஆம் ஆட்சியாண்டு. காசாக்குடி செப்பேடு, 22-ஆம் ஆட்சியாண்டு. ஒரே ஒரு வருஷம்தான் வித்தியாசம். காசாக்குடியில் அவன் இரணியனின் மகன்; சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் கிளையில் வந்தவன்; குடிகள் தேர்ந்தெடுத்தவன். உதயேந்திரத்தில் அவன் செத்துப்போன பரமேசுவரவர்மனின் மகன்! (இப்போது கையில் இருக்கும் உதயேந்திரம் ஏடு பின்னாளில் எடுத்த படி என்று எழுத்தமைதியை வைத்துச் சொல்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.) சுவீகாரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பொருந்தும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு என்னவோ எங்கள் தாத்தாவின் பள்ளிப் பதிவேடும் நிலப் பத்திரமும்தான் கண்ணில் தெரிகிறது. பல்லவமல்லனிடம் போய் "யாருங்க நிஜ அப்பா" என்று கேட்க எந்த அலுவலகமும் இல்லை. அதுதான் வித்தியாசம்.

கேட்டவர்கள் இருந்தார்கள், கத்தியோடு. அதே உதயேந்திரம் ஏட்டில்தான் வருகிறது: தமிழ் அரசர்கள் பல்லவமல்லனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டார்கள். உதயசந்திரன் என்ற தளபதி வந்து சித்திரமாயன் என்ற பல்லவனையும் மற்றவர்களையும் கொன்று ராஜாவை மீட்டான். இந்தச் சித்திரமாயன் யார்? பழைய ராஜாவின் நேர் ரத்தமாக இருக்கலாம் என்று பல வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். அப்படியானால் 'பட்டத்துக்கு ஆள் இல்லை' என்ற கதையே ஆட்டம் காண்கிறது. அவன் பக்கத்துச் செப்பேடு ஒன்றுகூட நம் கையில் இல்லை. தோற்றவன் கோயில் கட்டவில்லை.

பல்லவமல்லன் ஏறத்தாழ 65 வருஷம் ஆண்டான். நடுவில் சாளுக்கிய விக்கிரமாதித்தன் வந்து காஞ்சியையே பிடித்தான், அதையும் தாண்டி நின்றான். வம்ச வரிசையை பிரம்மா, பிருகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று ஆரம்பித்துத் தன்னில் கொண்டுவந்து முடித்தான். ஆக்டேவியனுக்கு வீனஸ், இவனுக்கு பிரம்மா. பழைய ஆட்களுக்கு நேர் பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு பெரிய சுவர் தேவைப்பட்டிருக்குமா? வந்தவனுக்குத்தான் வம்சம் அதிகம் தேவைப்படுகிறது.

இது பல்லவரோடு நிற்கவில்லை. 1070-இல் சோழப் பட்டத்தில் உட்கார்ந்த முதலாம் குலோத்துங்கன் அப்பா வழியில் வேங்கிச் சாளுக்கியன், அம்மா வழியில்தான் ராஜேந்திர சோழனின் பேரன். தஞ்சாவூரில் துளஜா மகாராஜா 1787-இல் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். கும்பினியார் பண்டிதர்களைக் கேட்டார்கள், சுவீகாரம் செல்லாது என்று பதில் வந்தது, அமர்சிங் ராஜாவானார். பிறகு மறுபடி கேட்டார்கள், செல்லும் என்று வந்தது, 1798-இல் சரபோஜி ராஜாவானார். சாஸ்திரம் பத்து வருஷத்தில் மாறிவிட்டதா என்ன? அடுத்த வருஷமே ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தைக் கும்பினி வாங்கிக்கொண்டது. பதில் அங்கே இருக்கிறது.

ஆக, தோழா, ரோம் திறமை பார்த்தது, நாம் ரத்தம் பார்த்தோம் என்பதெல்லாம் சும்மா. இரண்டு இடத்திலும் படையும் ஆதரவும் யாருக்கோ அவருக்கு அப்பா கிடைத்தார்.

உத்திரமேரூருக்கு வருகிறேன். அங்கே இருக்கும் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருடக் கல்வெட்டுகள். குடவோலை என்று ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததுதான். முப்பது குடும்பு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகள், குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வது. பாடப்புத்தகத்தில் இதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது யார் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் நிற்கக் கூடாது. அவனோடு, அவன் அப்பா, மகன், கூடப் பிறந்தவர்கள், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அக்கா தங்கையைக் கட்டியவன், அவர்கள் பிள்ளைகள்... யாரும் நிற்கக் கூடாது! கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரும் அத்தனை பேரும் காலி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காஞ்சியில் இன்னாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்கச் சுவர் எழுப்புகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், இன்னாருக்குச் சொந்தம் என்பதே தகுதிக் குறைவாகும் என்று சுவரில் வெட்டுகிறார்கள். ஏன்? மைத்துனன் கணக்கை மைத்துனன் மூடி மறைப்பான் என்று அனுபவப்பட்டிருப்பார்கள். ஏரி வாரியத்தில் எவனோ நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும்!

உடனே உலகின் முதல் ஜனநாயகம் என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். அது பிராமண ஊர். வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூட போயிருக்க முடியாது. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அரசன் அனுப்பிய அதிகாரி கூட இருந்து செய்த ஏற்பாடு வேறு. இவ்வளவு குறையோடும் அவர்கள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. 'நீ யார் பிள்ளை' என்பதை அவர்களும் கேட்டார்கள். ஆனால் 'கணக்கு எங்கே' என்று கேட்ட பிறகு கேட்டார்கள்.

வாரிசு அரசியலைத் திட்டும்போது நாம் பாதி நேரம் ரத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். யாருடைய மகன், யாருடைய மருமகன், நிஜ வாரிசா, வளர்ப்பு வாரிசா, நிஜத் தொண்டனா என்று. எதிர்த்துப் பேசுபவர்களும் அதே வம்ச வரிசையைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவர் இருந்த ஐந்து வருஷத்துக் கணக்கு எங்கே என்று கேட்டால் கேண்டீனில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பட்டா விஷயம் இன்னும் முடியவில்லை. சட்டம் எங்கள் பக்கம்தான் என்று தெரிந்த ஒரு வக்கீல் சொன்னார். தத்துப் போன பிள்ளை எல்லா விதத்திலும் தத்து எடுத்த வீட்டுப் பிள்ளைதான் என்று 1956-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது, தாத்தா விஷயம் அதற்கும் முந்தியது என்றாலும் கவலை வேண்டாம் என்றார். இரண்டு காகிதத்திலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று எழுதி, ஊரில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அந்தச் சுவீகாரத்தை நேரில் பார்த்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது ஒரே ஒருவர். பதினாறாம் நாள் "வந்தவர்தானே" என்று சொன்ன அதே பங்காளிப் பெரியவர். அப்பா நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போகிறார். நானும் கூடப் போகிறேன்.