மலையாளம் 'புரியும்' என்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் மலையாளம் புரியும் என்பார்கள். பேசுவீர்களா என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பணி ஓய்வு வரை போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினேன். வண்டன்மேட்டிலிருந்தும் கட்டப்பனையிலிருந்தும் தோட்டக்காரர்கள் போனில் மலையாளத்தில் பேசுவார்கள். நான் தமிழில் பதில் சொல்வேன். வியாபாரம் தடையில்லாமல் நடந்தது. ஆனால் எங்களோடு பேசிப் பேசியே அவர்களில் பலர் தமிழ் பேசப் பழகிக்கொண்டார்கள். எங்கள் கடையிலோ ஒருவர் வாயிலும் மலையாளம் வரவில்லை. கணக்குப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இந்தப் பேரேட்டில் நம் பக்கம் பாக்கி நிறைய இருக்கிறது.

அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கி, மலையாளம் படிக்கப் போனேன். "அத்தை, அந்தக் காசுக்கு சிங்கப்பூரே போயிட்டு வரலாமே" என்றாள் மருமகள். மகனின் கவலை துணைக்கு யார் என்பது. துணை வேண்டாம் என்பதுதான் விஷயமே. இரண்டு தமிழர் சேர்ந்து போனால் போகிற இடமெல்லாம் போடிதான். தனியாகப் போனால், சாயங்காலத்துக்குள் யாரிடமாவது நாலு வார்த்தை பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். அந்தத் தவிப்புதான் வாயைத் திறக்க வைக்கிறது.

மட்டாஞ்சேரி என்றால் சுற்றுலாக்காரர்களுக்கு 1568-இல் கட்டிய யூதர் கோயிலும் டச்சு அரண்மனையும்தான். (அரண்மனையை 1555-இல் கட்டியது போர்ச்சுகீசியர், பின்னாளில் பழுது பார்த்த டச்சுக்காரர்களுக்குப் பெயர் போய்விட்டது.) மொழி படிக்க வருகிறவர்கள் யூதத் தெருவில் நிற்கக் கூடாது. அங்கே கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றுகிறார்கள். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா, பாத்துட்டுப் போங்க" என்றார்கள். ஜீரகமும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்கோ, கொங்கணிக்காரர்கள் வாழும் சேர்லாய் தெருக்களுக்கோ, குஜராத்தி ரோட்டுக்கோ நடந்துவிட வேண்டும். அந்தத் தெருக்களில் வீட்டுக்குள் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் பேசுகிறவர்கள் வாசலைத் தாண்டினால் மலையாளத்துக்கு வந்துவிடுகிறார்கள். அது தாய்மொழியாக இல்லாத பலர் புழங்கும் மலையாளம். அதனால் நம்முடைய தடுமாற்றம் அங்கே யாருக்கும் வேடிக்கையாக இல்லை.

இப்படி ஒருவர் மொழியில் இன்னொருவர் புழங்குவது இன்று வந்த பழக்கமும் இல்லை. டச்சுத் தளபதி வான் ரீட் கொச்சியில் இருந்து தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற மூலிகை நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் மலையாளத்தில் சொன்னது போர்ச்சுகீசியத்துக்கும், அங்கிருந்து லத்தீனுக்கும் போனது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் கூட இருந்து உழைத்தார்கள். வயது வந்தவர்கள் வேலையின் தேவைக்காக ஒருவர் மொழிக்குள் ஒருவர் புகுந்து வந்ததில் பிறந்த நூல் அது.

தமிழருக்கு மலையாளம் சுலபம் என்பது பாதி உண்மைதான். நாம் வந்தேன், வந்தாள், வந்தார்கள் என்று வினையிலேயே ஆளைக் காட்டிவிடுகிறோம். அங்கே நானோ அவளோ அவர்களோ யாராக இருந்தாலும் 'வந்நு' ஒன்றுதான். யார் வந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பாட்டுக்கு ஆளை விட்டுவிட்டு வினையை மட்டும் சொல்வேன், எதிரில் இருப்பவர் "யார்?" என்பதுபோல் பார்ப்பார். எழுத்திலும் அப்படித்தான். நாம் ஒரே 'க'வை வைத்துக் குடும்பம் நடத்துகிறோம், அங்கே நான்கு. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை காலையில் என்னைச் சத்தமாகப் படிக்கவைப்பார். நான் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் படித்தால், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் வாயைப் பார்ப்பார். வீட்டுக்காரச் சேச்சி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சாப்பாட்டு மேசையில் தமிழ் கூடாது. முதல் நாள் புட்டுக்குக் கடலைக்கறி கேட்கத் தெரியாமல் பழத்தைப் பிசைந்து சாப்பிட்டேன்.

ஒரு மத்தியானம் ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் உள்ள தோபி கானா என்னும் சலவைக்கூடத்துக்குப் போனேன். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள் என்பார்கள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே இல்லை, காற்றில் ஒரு துணியும் பறக்கவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் என் மலையாளத்தை எடுத்துவிட்டேன். "தமிழாம்மா நீங்க? பேசுங்க, தப்பு வந்தா சொல்றேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதன் பிறகு கடைசி வரை மலையாளத்தை விட்டு இறங்கவே இல்லை. தமிழர்களிலேயே எனக்குக் கிடைத்த நல்ல வாத்தியார் அவர்தான்.

இந்த வயதில் இதனால் என்ன லாபம் என்று ஊரில் கேட்கிறார்கள். கொச்சி இருக்கும் இதே எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூரில் 2017-இல் கேரள சாட்சரதா மிஷன் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் சொல்லித்தருகிற திட்டம். பாடநூலுக்குப் பெயர் 'ஹமாரி மலையாளம்'. நாளெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றால், பென்ஷன் வாங்கிக்கொண்டு ஓய்வாக இருக்கிற நமக்கு என்ன கேடு?

மதுரைக்கு அமெரிக்காவிலிருந்து மாணவர்கள் தமிழ் படிக்கவே வருகிறார்கள். அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் அதற்கு வகுப்பு நடத்துகிறது. கொச்சியிலிருந்து அப்படி யார் வருகிறார்கள்? கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பு இருக்கிறது, நம்மிடம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. இவர்கள் மூலம் காலி அறை உள்ள வீடுகளை இரண்டு பக்கமும் பட்டியல் எடுத்து, விருந்தாளிகளை மாற்றிக்கொள்ளலாம். அரசு இதற்குப் பெரிதாகச் செலவழிக்கவும் வேண்டாம். முதல் ஆளுக்குப் போடியில் என் வீட்டு மாடி அறையைத் தரத் தயார். காலையில் இட்லி உண்டு. சட்னி மட்டும் தமிழில் கேட்டால்தான்.